செயலி மாறினால் செலவு யாருக்கு?

சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டையில் 2025 ஆகஸ்ட் 1 முதல் பணம் ஏற்ற முடியாது என்று அறிவிப்பு வந்தது. அந்த அட்டை வைத்திருந்தவர்கள் ‘சிங்காரச் சென்னை’ அட்டைக்கு மாற வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 1 அன்று, ரயில்வே ‘ரயில்ஒன்’ என்ற புதிய செயலியை வெளியிட்டிருந்தது. மின்சார ரயில் சீட்டுக்கு ‘யுடிஎஸ்’ செயலியைப் பழகியவர்களுக்குப் பழையது போதுமா, இதையும் இறக்க வேண்டுமா என்ற குழப்பம். செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு. ஒரு நகரத்தின் போக்குவரத்தில் மூன்று மாதத்துக்குள் மூன்று மாற்றங்கள்.

மூன்றும் நல்ல நோக்கத்தோடு வந்தவை. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, ஆயிரம் விளக்கில் இறங்கி வேலைக்குப் போகிறவர் இடத்துக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. புதிய அட்டையை 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் காட்டலாம். நடத்துநரிடம் சில்லறைக்கு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் இந்த வசதி எல்லோர் கைக்கும் ஒரே விலையில் வருவதில்லை. நல்ல போன், தடையில்லாத இணையம், புதிய திரையைக் கண்டு தயங்காத மனம் இவை உள்ளவருக்கு ஐந்து நிமிட வேலை. இல்லாதவருக்கு அரை நாள் அலைச்சல், கவுன்ட்டரில் வரிசை, யாரையாவது கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலை. செயலியை மாற்றுவது என்று முடிவெடுப்பவர் ஒருவர். அதற்கு நேரத்தையும் பணத்தையும் கொடுப்பவர் வேறொருவர். பின்னவரை யாரும் கேட்பதில்லை.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன? ‘கம்பெனிக்காரன் காசு பார்க்கிறான்’ என்பது ஒரு பகுதி உண்மைதான். மீதியைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதைத் தடுக்கலாம், யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பது கொஞ்சம் தெளிவாகும்.

முதலில் போன். ரிச்சி தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது: “இது ஓடாதுக்கா, அப்டேட் கேக்குது, போனு பழசு.” போனில் ஒரு கோளாறும் இருக்காது. பேட்டரி நிற்கும், பேச்சு தெளிவாகக் கேட்கும், திரையில் கீறல்கூட இருக்காது. ஆனால் 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் ஓடும் போன்களில் வாட்ஸ்அப் வேலை செய்யாது. அதற்கு முன் 2019 முடிவில் விண்டோஸ் போன்களுக்கும் இதே கதி. நிறுவனத்தின் பக்கம் நியாயம் உண்டு. பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை; அதில் செய்தி அனுப்ப விட்டால் திருடர்கள் நுழைய வழி கிடைக்கும். ஒவ்வொரு புதிய வசதியையும் பத்து வருடத்துக்கு முந்தைய போனில் சோதித்துப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. ஒரு இணையதளம் உண்மையானதுதானா என்று போன் சரிபார்க்க, அதற்குள் சில மூலச் சான்றிதழ்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. உலகின் கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்று வழங்கும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் அந்தத் தளங்கள் எல்லாம் அன்றே முடங்கியிருக்கும். அந்த அமைப்பு வேறொரு ஏற்பாடு செய்து அந்தப் போன்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த அவகாசமும் 2024-இல் முடிந்தது. நேற்று வரை திறந்த தளம் இன்று ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று மிரட்டினால், போனை வைத்திருப்பவர் தானே ஏதோ தவறாக அழுத்திவிட்டதாக நினைக்கிறார். அவர் மேல் தவறே இல்லை.

சின்னச் செயலிகள் காணாமல் போவதற்கும் இதையொத்த காரணம்தான். கூகுள் பிளே ஸ்டோரில் இருக்கும் செயலி ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிதாக வரும் செயலிகளும் திருத்தங்களும் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்துச் செய்யப்பட்டிருக்க வேண்டும். மிகவும் பின்தங்கிய செயலிகள் புதிய போன்காரர்களின் கண்ணிலேயே படாது. பெரிய வங்கிக்கு இது பொருட்டில்லை. ஒருமுறை யாரையோ வைத்துச் செயலி செய்து வாங்கிய பள்ளிக்கூடத்துக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, மளிகைக்கடைக்கோ இது ஆண்டுதோறும் வரும் செலவு. அவர்கள் விட்டுவிடுவார்கள். அதை நம்பியிருந்தவர்கள் ஒருநாள் தேடினால் கிடைக்காது.

நம் வீடுகளில் போன் கைமாறி வருவது. மகன் புதியது வாங்கினால் பழையது அம்மாவுக்கு. அம்மாவின் பழையது பாட்டிக்கு. அதனால் வீட்டில் மிகப் பழைய போன் இருப்பது, மாற்றங்களைச் சமாளிக்க மிகவும் சிரமப்படுபவர் கையில். புதிய போனுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது நாலு வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு மாத வருமானத்தைத் தொடும் தொகை. வாட்ஸ்அப் ஒருவருக்கு நின்றுபோனால் அரட்டை மட்டும் நிற்பதில்லை. வீட்டுக்காரம்மாவின் ‘நாளைக்கு வர வேண்டாம்’ செய்தி, பிள்ளையின் பள்ளிக் குழு, ஊரில் இருக்கும் அண்ணனின் குரல்பதிவு எல்லாம் சேர்ந்து நிற்கும்.

இதோடு ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ சேர்ந்துகொள்கிறது. கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றது. கல்யாணம், காதுகுத்து, பிள்ளையின் முதல் நடை எல்லாவற்றையும் மக்கள் அங்கே கொட்டினார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்த இலவசம் நின்றது. புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரத் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதி கூகுள் டிரைவில் கணக்கில் வராமல் இருந்தது. 2024-இல் அதுவும் அதே 15 ஜிபிக்குள் வந்தது. இடம் நிறைந்தால் அந்தக் கணக்கின் ஜிமெயிலுக்கும் கடிதம் வராது. காலை வணக்கப் படங்களால் வேலைவாய்ப்புக் கடிதம் தடைபடுவது இப்படித்தான். மாதம் கொஞ்சம் பணம் கட்டினால் தீரும் என்று செயலி சொல்லும். ஆனால் ஒருமுறை கட்டத் தொடங்கினால் நிறுத்துவது கடினம், ஏனென்றால் அதற்குள் இருப்பது குடும்பத்தின் நினைவு. மாதாமாதம் கட்டுவதற்கு முன், வாட்ஸ்அப் அமைப்பில் ‘ஸ்டோரேஜ்’ பகுதிக்குப் போய் குழுக்களில் வந்த வீடியோக்களை நீக்கிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த வகை இழப்பு புதிதில்லை. இணையத்தில் தமிழ் வளர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ போன்ற யாஹூ குழுக்களில் எவ்வளவு இலக்கிய உரையாடல் நடந்தது! 2019 டிசம்பரில் யாஹூ அந்தக் குழுக்களின் சேமிப்பை அழித்தது, அடுத்த ஆண்டு டிசம்பரில் சேவையையே மூடியது. அதைவிடப் பழையது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் நூல்களை எவரும் இறக்கிக்கொள்ளும் கோப்புகளாக வைத்தது, எழுத்துரு முறைகள் மாறியபோது கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றியது. இன்றும் நிற்கிறது. எதைச் சேமித்தாலும் நம் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைப்பது இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான்.

வெள்ளக் காலத்தில் இந்த ஊர் நம்பியிருந்த ஒரு சேவையும் இப்படி மாறியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் எந்த மாடியில் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எங்கே சோறு இருக்கிறது என்பதையெல்லாம் தன்னார்வலர்கள் ட்விட்டரில் திரட்டி, பட்டியலிட்டு, ஆளனுப்பினார்கள். கணக்கே இல்லாதவரும் அந்தச் செய்திகளைப் படிக்க முடிந்தது. 2023-இல் அந்நிறுவனம் மென்பொருள்கள் செய்திகளைத் திரட்டும் இலவச வழியை அடைத்துக் கட்டணமாக்கியது. கணக்கு இல்லாதவர்கள் படிப்பதும் அந்த ஜூன் இறுதியில் திடீரென்று தடைபட்டது. ஜூலையில் பெயரும் ‘எக்ஸ்’ ஆனது. அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது. மக்கள் அப்போதும் உதவி கேட்டுப் பதிவிட்டார்கள், உதவியும் போய்ச் சேர்ந்தது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் பொதுச் சுவராக இருந்த இடம் அதற்குள் வேலி போட்ட தனியார் வளாகமாகியிருந்தது. ஒரு மாநகரத்தின் பேரிடர்த் தகவல், வேறு நாட்டில் ஒருவர் எடுக்கும் வியாபார முடிவைச் சார்ந்திருக்கக் கூடாது. மாநகராட்சியும் வானிலைத் துறையும் தங்கள் சொந்தத் தளத்திலும் எஸ்எம்எஸ்ஸிலும் முதலில் சொல்லிவிட்டு, பிறகு சமூக வலைத்தளத்துக்குப் போக வேண்டும்.

பணம் காரணமாக வரும் மாற்றத்துக்கு, தெருவில் தினமும் பார்க்கும் உதாரணம் ஆட்டோ. தமிழக அரசு ஆட்டோ கட்டணத்தை 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல், கேஸ் விலைகள் எங்கேயோ போய்விட்டன. மீட்டர் போடாத ஆட்டோவோடு பேரம் பேசிக் களைத்த பயணிகளுக்குச் செயலிகள் வந்தது நிம்மதியாக இருந்தது. திரையில் ஒரு தொகை, அதுதான் கட்டணம். ஆனால் ஓட்டுநரின் ஒவ்வொரு சவாரியிலும் நிறுவனம் கமிஷன் பிடித்தது. அதற்கு எதிராக ஓட்டுநர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். கமிஷன் இல்லாமல் சந்தா மட்டும் வாங்கும் செயலிகளும் போட்டிக்கு வந்தன. ஊபர் 2025 பிப்ரவரி 18 முதல் ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. ஓலாவும் அந்த ஜூனில் அதே வழிக்கு வந்தது.

ஓட்டுநருக்கு இது நல்ல மாற்றம், அவர் பக்கம் நின்று வரவேற்கிறேன். பயணிக்கு என்ன ஆனது என்பதை மட்டும் யாரும் சரியாக விளக்கவில்லை. ஊபர் ஆட்டோவில் திரையில் தெரியும் தொகை இப்போது ஒரு பரிந்துரை மட்டுமே; இறுதித் தொகை ஓட்டுநரும் பயணியும் பேசி முடிப்பது. பணத்தை நேராக ஓட்டுநரிடம் ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுக்க வேண்டும். பணப் பரிமாற்றத்தில் நிறுவனம் இல்லை என்பதால், ‘அதிகம் வாங்கிவிட்டார், திருப்பிக் கொடுங்கள்’ என்று முன்போல அங்கே கேட்க முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு எழும்பூரில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. “ஆப்புல இருநூறு காட்டுது அண்ணா” என்றால், “மேல அம்பது போட்டுக் குடுங்கம்மா” என்பார் அவர். இருவரும் பொய் சொல்லவில்லை. அரசு கட்டணத்தைக் காலத்துக்கேற்ப மாற்றாமல் விட்ட இடத்தைச் செயலிகள் நிரப்பின. செயலிகள் விலகிக்கொண்டதும் பேரம் பழைய இடத்துக்கே திரும்பியது.

உணவுச் செயலிகளின் ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ இதைவிட எளிய கதை. 2023-இல் 2 ரூபாய் என்று தொடங்கியது. 2024 தீபாவளி நேரத்தில் சொமேட்டோ அதை 10 ரூபாயாக்கியது. கடைசித் திரையில்தான் மொத்தம் தெரியும் என்பதால் கவனியுங்கள். விலையைத் துண்டு துண்டாகக் காட்டிக் கடைசியில் ஏற்றுவது உட்பட 13 ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடைசெய்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம்.

ஒழுங்குமுறை அமைப்புகளின் உத்தரவால் வரும் மாற்றம் இன்னொரு வகை. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. மார்ச் 15-க்குப் பிறகு அந்த வங்கிக் கணக்கில் பணம் போட முடியாது, அதன் ஃபாஸ்டேகிலும் ஏற்ற முடியாது. செயலி தொடர்ந்து இயங்கியது, வேறு வங்கிகளோடு சேர்ந்து யுபிஐயும் ஓடியது. ஆனால் தள்ளுவண்டியில் கியூஆர் ஒட்டிவைத்திருந்தவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? அவர் பார்த்தது ‘பேடிஎம் மூடிட்டாங்களாம்’ என்ற வாட்ஸ்அப் செய்தியைத்தான். அந்த வங்கியிலேயே கணக்கு வைத்திருந்தவர்கள் கியூஆரை வேறு வங்கியோடு இணைக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இதைத் தமிழில் இரண்டு வரியில் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பியிருந்தால் பல கடைக்காரர்களின் தூக்கம் கெட்டிருக்காது.

ஒரு நிறுவனமே விழும்போது என்ன ஆகும் என்பதை இந்த ஊர் 2018 பிப்ரவரியில் அனுபவித்தது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல்லின் கோபுரங்கள் அந்த மாதம் ஒவ்வொன்றாக நின்றன. மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத சிம்மில் எப்படி அனுப்புவது? கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. வங்கி, ஆதார், எரிவாயு எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்ததால், ஓடிபி வராமல் சொந்தப் பணத்தைத் தொட முடியாதவர்கள் இருந்தார்கள். இன்று அந்தக் கட்டு இன்னும் இறுகியிருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். அப்பாவின் பழைய எண் வங்கியில் பதிவாகியிருக்கிறதா என்று வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை இட்ட உத்தரவு எண்ணோடு உள்ள இந்தப் பிணைப்பை வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றுக்கும் நீட்டியது. பதிவுசெய்த சிம் போனில் இருந்தால்தான் செயலி ஓட வேண்டும். கணினியில் திறந்தது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும். வெளிநாட்டில் உட்கார்ந்து நம் எண்களில் ஏமாற்றுபவர்களைத் தடுப்பதே நோக்கம், அது தேவையானதும்கூட. ஆனால் ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், வாடகை ஒப்பந்தம் எல்லாமே அங்கே வாட்ஸ்அப் வழியாகத்தான் அச்சுக்குப் போகின்றன. கடைக் கணினி நாள் முழுக்க திறந்திருந்தால்தான் பிழைப்பு. இப்படிப்பட்ட உத்தரவை எழுதும் அறையில் அந்தக் கடைக்காரருக்கும் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

இத்தனை மாற்றங்களும் சேர்ந்து செய்யும் பெரிய கேடு ஒன்று உண்டு. உண்மையான மாற்ற அறிவிப்புகள் ஓயாமல் வருவதால் பொய்யான அறிவிப்பும் இயல்பாகத் தெரிகிறது. ‘உங்கள் மின்கட்டணம் புதுப்பிக்கப்படவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்’ என்ற மோசடிச் செய்தி வந்த காலத்தில்தான் மின்வாரியம் உண்மையாகவே ஆதார் எண்ணை இணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘கேஒய்சி அப்டேட் செய்யுங்கள்’ என்று வங்கி உண்மையாகவும் சொல்கிறது, திருடனும் சொல்கிறான். வாகன அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் (செயலியை நிறுவும் கோப்பு) தொட்டு நிறுவினால், அது எஸ்எம்எஸ்களைப் படித்து ஓடிபியைத் திருடும். வயதானவர்கள் ஏமாறுவதை ‘விவரம் போதாது’ என்று சொல்லிக் கடக்கிறோம். மாதம் ஒரு முறை திரையை மாற்றி, எதையும் யோசிக்காமல் ‘சரி’ அழுத்தப் பழக்கியது நாம்தான். புதிய திரை புரியாமல் போனையும் பின் எண்ணையும் சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்கும் பழக்கமும் அதே வழியில் வந்தது. பணம் போனதும் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாண்டும்.

பயனருக்குச் சுமையே தராத மாற்றங்களும் உண்டு என்பதால்தான் இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். யுபிஐயில் ஒரு தனிநபர் இன்னொருவரிடம் ‘பணம் கொடு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதி ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாக இருந்தது. 2025 அக்டோபர் முதல், யுபிஐயை நடத்தும் தேசியப் பரிவர்த்தனைக் கழகம் அதையே எடுத்துவிட்டது. யாரும் எதையும் இறக்கவோ, பதியவோ, வரிசையில் நிற்கவோ வேண்டியிருக்கவில்லை. மெட்ரோவும் பழைய அட்டையில் இருந்த மீதித் தொகையைப் பயணித்தே தீர்த்துக்கொள்ள அனுமதித்தது. யோசித்துச் செய்தால் முடிகிறது.

அரசுச் சேவைகளும் வங்கிகளும் எதை மாற்றினாலும் பழைய வழியை மூடும் தேதியைத் தமிழில், எஸ்எம்எஸ்ஸில், பல வாரங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். கவுன்ட்டரையும் காகிதச் சீட்டையும் எடுக்கக் கூடாது. செயலியில் எடுத்தால் சலுகை என்பது நல்லதே. செயலி இல்லாதவருக்குச் சேவையே இல்லை என்ற இடத்துக்கு அது நகர்ந்துவிடக் கூடாது.

வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடியும்படி மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இதில் அடக்கம். அந்த முடிவோடு உள்ள முகவரி பதிவுபெற்ற வங்கிக்கு மட்டுமே கிடைக்கும். வீட்டில் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராக இருந்தாலும், அவர்கள் போனில் வங்கி முகவரியைத் திறந்து, ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் அது எப்படி முடிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். பழைய முகவரியைச் சேமித்து வைத்திருந்தால் அதை நீக்கிப் புதியதைச் சேர்த்துவிடுங்கள். பின் எண்ணை அவர்களே அழுத்தட்டும்.